வேதவாக்கு அக்காவின் இரண்டு பொய்கள்

எங்கள் சரக்கு அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் கற்றுத் தரும் வார்த்தை "கிளம்பிடுச்சு" என்பதுதான். லாரி கொட்டகையிலேயே நிற்கும், சக்கரத்தைக்கூடக் கழற்றி வைத்திருப்பார்கள். போனில் கேட்டால் கிளம்பிடுச்சு. எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பக்கத்து மேசை அக்காவுக்கு மட்டும் நாக்கு புரளாது. இன்னும் இங்கேதான் நிற்கிறது என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, திட்டையும் வாங்கிக்கொண்டு, அடுத்த போனை எடுப்பார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு போனை என் மேசைக்கு மாற்றினார். வாடிக்கையாளர்களோ நான் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, எதற்கும் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வேதவாக்கு என்று பெயர் வைத்தது நான்தான்.

கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர், அதனால் எதிலும் ஒட்டாமல் ஒதுங்கி நிற்பார் என்று நினைக்க வேண்டாம். அலுவலக விருந்துக்கு வருவார். மற்றவர்கள் கையில் எந்தக் கோப்பை இருந்தாலும் முகம் சுளிக்காமல் தன் பழரசத்தோடு கடைசிவரை இருந்து, தள்ளாடுகிறவர்களை வண்டி பிடித்து ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். தன் தம்பி கல்யாணத்துக்கும் அப்படித்தான் போனார். தம்பி சபைக்கு வெளியே பெண் எடுத்ததால் அம்மா போகவில்லை. இனிமேல் என் வாசற்படியை மிதிக்காதே என்று மகனுக்குச் சொல்லி அனுப்பினார். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து வாழ்த்திவிட்டு வந்து, அம்மா கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார். பல நாள் அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த அம்மா புற்றுநோயில் படுத்தார். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணையாக நானும் போய் இருந்தேன். வலி வரும்போதெல்லாம் நர்ஸ் ஊசி போடுவார், அம்மா தூங்கிவிடுவார். ஒரு மதியம், மகனைப் பார்க்க வேண்டும் என்று தானாகவே வாயைத் திறந்து சொன்னார். அக்கா வெளியே நின்று தம்பிக்குப் போன் போட்டார். வர மாட்டேன், அம்மா போட்ட கட்டளைதானே என்று தம்பி கத்தியது எனக்கே கேட்டது. அக்கா கெஞ்சினார். தம்பி போனை வைத்துவிட்டார்.

உள்ளே வந்ததும் அம்மா கேட்டார். "தம்பி கிளம்பிட்டானா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கிளம்பிட்டான்மா."

நான் சொல்லியிருந்தால் அந்த அம்மா நம்பியே இருக்க மாட்டார். ஆனால் இந்த மகள் பொய் சொல்லி அவர் கேட்டதே இல்லை. ஊசியோடு வந்த நர்ஸைப் பார்த்துக் கையை ஆட்டினார். "வேணாம்மா. எம் பையன் வர்றான். தூங்கிட்டா அவன் முகத்தைப் பாக்க முடியாது."

அவன் வந்ததும் எழுப்புகிறேன் என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. போர்வையைப் பல்லால் கடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லித் தொலையுங்கள், ஊசியாவது போட்டுக்கொள்வார் என்று அக்காவை வெளியே இழுத்துப் போய்ச் சொன்னேன். சொன்னால் செத்துவிடுவார் என்றார். சொல்லாமலும் மறுநாள் செத்துப்போனார். திறந்திருந்த கண்களை நர்ஸ்தான் மூடினார்.

அக்கா அழவில்லை. அடக்கத்துக்கு வேண்டியதையெல்லாம் சரக்கு அனுப்புகிற மாதிரி ஒவ்வொன்றாக முடித்தார். கட்டிக்கொண்டு அழுதவர்களின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பல் பிடுங்க மருந்து போட்டால் உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதே, அப்படி இருக்கிறது என்று என்னிடம் சொன்னார்.

தம்பி அடக்கத்துக்கு வந்தார். இப்போது மட்டும் வண்டி கிடைத்ததா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் ஆள் பாதியாக இருந்தார். வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று, அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாரா, தன்னைத் தேடினாரா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீ சொல்லுக்கா."

அக்கா கழுவிய டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "தூக்கத்துலதான் போனாங்க. உன் மேல கோவம் இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க."

தம்பி அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அக்கா ஈரக் கையை அவர் தலையில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் தாங்கவில்லை.

அவரைத் தனியே விட மனமில்லாமல் அடுத்த ஞாயிறு நானும் சபைக்குப் போனேன். அப்பத் துண்டுகள் வைத்த திருவிருந்துத் தட்டு கைமாறி வந்தது. மன்னிப்புக் கேட்காத பாவம் இருந்தால் அதை எடுக்கக் கூடாதாம். அக்கா எடுத்துக்கொள்ளாமல் அடுத்தவரிடம் கொடுத்தார். பின்வரிசையில் குசுகுசுத்தார்கள். வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மன்னிப்புக் கேட்டால் உங்கள் கடவுள் விட்டுவிடுவாரே, கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன்.

"அம்மாகிட்ட சொன்னதுக்குக் கேட்டாச்சு," என்றார், குடையை விரித்துக்கொண்டே. "தம்பிகிட்ட சொன்னதுக்குத்தான் கேக்க முடியல. கேக்கணும்னா வருத்தம் வரணும். தேடித்தேடிப் பாக்குறேன், வரல. நாளைக்கு அவன் திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

இன்றும் ஒரு ஞாயிறு தவறாமல் போகிறார். தட்டு வரும்போது இரண்டு கையாலும் வாங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறார்.