பதினோரு கட்டில்களும் ஒரு விலக்குக் கடிதமும்

சென்ற மாதம் சுமத்ரா பக்கம் நிலம் குலுங்கியபோது, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் விளக்கும் ஆடியது. அன்றிலிருந்து மகள் ராஜத்தை வெளியூரில் விட எனக்குப் பயம். அவளோ கிள்ளான் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தே தீருவேன் என்றாள். கட்டடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை அவளோடு கிளம்பினேன்.

காலை 7.40 வண்டி. மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஐம்பத்தைந்து காசு. இருபத்திரண்டு மைலுக்கு ஒரு மணி பத்து நிமிடம். கரித்தூள் பறக்கும், வெள்ளைச் சட்டை வேண்டாம். நான் போட்டுக்கொண்டு போய் ராஜத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஸ்டேஷனிலிருந்து முக்கால் மைல். மாட்டு வண்டிக்குப் பத்துக் காசு.

"டீச்சர் நல்லவங்க அண்ணே. ஆனா எடம் இல்லேன்னுதான் சொல்லுவாங்க" என்றார் வண்டிக்காரர்.

முன்னால் பழைய செங்கல் மாடிவீடு, அதுதான் விடுதி. பின்னால் அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் வகுப்பு. தலைமை ஆசிரியை ஞானம்மாள் டீச்சர் எங்களுக்குக் காப்பி கொடுத்து, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அரசாங்கக் கடிதத்தைக் காட்டினார். அதற்கு மாலை வேறு. நிலநடுக்கப் பாதுகாப்புக்குக் கிடைத்த நற்சாட்சி என்று எல்லாப் பெற்றோரும் நினைத்திருந்தார்கள். நான் கிட்டப் போய்ப் படித்தேன். மாடிக் கட்டடத்தில் பன்னிரண்டு பேர் தங்கினால் சுவர்களை இரும்புக் கம்பியால் பிணைக்க வேண்டும். இங்கே பதினோரு பேர்தான், ஆகவே விலக்கு. ஓலைக் கொட்டகைக்கும் விலக்கு, அது விழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதால்.

டீச்சர் தலைகுனிந்தார். "பன்னெண்டாவது ஆளைச் சேத்தா விதி வந்துரும் அண்ணே. கம்பி போட வழியில்ல, மாடியை மூடிருவாங்க. இந்தப் பதினோரு பிள்ளைங்க எங்க போகும்?"

எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று பெண்களை அப்படித் திருப்பி அனுப்பியதைச் சொல்லி அவர் அழுதுவிட்டார்.

ரயில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்து விரிசல் கண்டுபிடிப்பது என் வேலை. லீவு நாளிலும் சுத்தியல் பையில் இருக்கும்; வீட்டில் இதற்காக நான் வாங்காத கிண்டல் இல்லை. மாடிக்குப் போய்ச் சுவரை வரிசையாகத் தட்டினேன். மூன்றாவது கட்டிலின் தலைமாட்டில் ஓசை செத்திருந்தது. இன்னொரு முறை தட்டச் சொல்லி டீச்சரும் காதை வைத்துக் கேட்டார்.

"இதுல யாரு படுப்பாங்க டீச்சர்?" என்றாள் ராஜம்.

"மாரி. பந்திங் எஸ்டேட்டுப் பிள்ளை" என்றவர், விடுவிடுவென்று கீழே இறங்கிக் கடிதத்தைக் கழற்றினார்.

மதியத்துக்குள் பதினோரு கட்டில்களும் கொட்டகைக்குப் போய்விட்டன. வகுப்பு இனி மரத்தடியில். என் ரயில்வே ஷெட் ஆட்கள் ஞாயிறுதோறும் வந்து கம்பி போட்டுத் தருவார்கள் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: மாட்டிவைத்த கடிதத்தைக் கும்பிடாமல் படியுங்கள். அப்படியே பிள்ளை படுக்கும் இடத்தையும் பாருங்கள். திரும்ப 4.15 வண்டி வசதி.

அதில் நான் மட்டும்தான் ஏறினேன். டீச்சர் பதிவேட்டைத் திறந்து, பன்னிரண்டாவது வரியில் ராஜத்தின் பெயரை எழுதிவிட்டார்.