கொடி ஏன் ஆடியது

நேற்று ஒரு சலவைக்கடையைக் கடக்கும்போது வந்த சொட்டுநீல வாசனையில், வளைகுடா நாட்டில் சத்வா பகுதியில் நாங்கள் குடியிருந்த, எப்போதோ இடித்துவிட்ட வில்லாவின் முற்றம் நினைவுக்கு வந்தது. அறைக்கொன்றாக ஆறு குடும்பங்கள் வாழ்ந்த அந்த வில்லாவில், ஏசிகளின் இரைச்சலுக்கு நடுவே, வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆண்கள் முற்றத்தில் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மா அவர்கள் பக்கம் திரும்பாமல் துணி உலர்த்துவாள்.

ஒருநாள் பக்கத்து அறை சேகர் மாமா, மனிதன் நிலவில் இறங்கியதே பொய் என்றார். "காத்தே இல்லாத இடத்துல கொடி எப்படிய்யா ஆடும்? எல்லாம் ஸ்டுடியோல எடுத்தது."

அப்பாவும் தலையாட்டினார். நிலவுக்குப் போவேன் என்று சொல்லித் திரிந்த எனக்கு அழுகை முட்டியது.

துணியை உதறிக்கொண்டிருந்த அம்மா நின்றாள். "கொடி விரிஞ்சு நிக்க மேல குறுக்குக் கம்பி வச்சிருந்தாங்கண்ணே. கம்பத்தை நடுறப்போ கை பட்டு ஆடுச்சு. தடுக்கக் காத்து இல்லாததாலதான் அவ்வளவு நேரம் ஆடுச்சு."

அம்மா அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

அறைக்குள் வந்ததும் அப்பா, "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"நான் பிசிக்ஸ் படிச்சவ," என்றாள் அம்மா. "பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொன்னாங்களே. நீங்க காபி குடிச்சிட்டிருந்தீங்க."