கேரவனுக்கு ஒரு பேட்டரி, எனக்கு ஓர் அறை

இந்த ஊர்க்காரர்கள் இருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டு, சக்கரம் வைத்த இன்னொரு வீட்டைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு வருகிறார்கள். வந்து, மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டில் குடித்த அதே டீயைக் குடிக்கிறார்கள். இதற்குப் பெயர் ஹாலிடே. வண்டிக்குப் பெயர் கேரவன். திண்டுக்கல்லில் உட்கார்ந்து படிக்கிற நீங்கள், நான் அளக்கிறேன் என்பீர்கள். இந்த வண்டிகளின் பேட்டரிகளைப் பார்த்துக்கொள்வதுதான் இங்கிலாந்தில் எனக்குச் சோறு போடுகிற வேலை. வேலை செய்கிற பேட்டரிக் கடையில் முதலாளி ஒதுக்கிய பின்னறைதான் என் வீடு.

போன சனிக்கிழமை ஹெரால்ட் என்கிற பென்ஷன்காரர் தம் கேரவன் பேட்டரியை மேசைமேல் வைத்து, "செப்டம்பரில் நீதான் சார்ஜ் ஏற்றினாய். செத்துவிட்டது" என்றார். மூடிகளைத் திறந்தேன். ஆறு அறைகளிலும் தண்ணீர் இருந்தது, சார்ஜ்தான் துளியும் இல்லை. தகடுகளில் சாம்பல் பூத்தாற்போல் வெள்ளை, மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் படிகிற வெள்ளை.

"குளிர்காலத்தில் மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றினீர்களா?"

"ஏற்றுவதா? கொட்டகையில் வைத்து நன்றாக ஓய்வு கொடுத்தேன். ஒரு விரல் படவில்லை."

பெருமை வேறு. ஓய்வு கொடுத்தால் தெம்பு ஏற, பேட்டரி என்ன உழவு மாடா? சும்மா கிடந்தாலே தன்னைத் தானே தின்கிற சாமான் அது. இது தெரியாதவர்களா நம்மை அத்தனை வருடம் ஆண்டார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளிக்கு விஷயம் தெரியும். ஆனாலும் என்னை ஓரமாக அழைத்து, "பழைய வாடிக்கைக்காரர். உன் தப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேள். முடியாதென்றால் திங்கட்கிழமை அறைச் சாவியைக் கொடுத்துவிடு" என்றார்.

தப்புச் செய்தவன் எப்படியிருப்பான் என்று எனக்குத் தெரியும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ராமு அண்ணன் மைக் செட் கடையில் வேலை பார்த்தபோது, ஆயுத பூசைக்குச் சாமான்களையெல்லாம் கழுவினேன். பேட்டரியை மட்டும் வெளியே கழுவினால் போதுமா என்று மூடிகளைத் திறந்து, அறைக்கு ஒரு கரண்டி மஞ்சள் தண்ணீர் விட்டேன். கழுதை வயசு, மீசை வேறு வைத்திருந்தேன். ஐப்பசியில் சின்னாளப்பட்டிக் கல்யாணம் ஒன்றில், தாலி கட்டுகிற நேரத்தில் ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. பெண்ணின் அப்பா, தறிக்காரர், "என்னப்பு, உம்ம பெட்டி பாதியில தூங்கிப்போச்சு?" என்றார். "தப்பு என் மேலதாங்க. செத்த நேரம் பொறுங்க, வேற கொண்டாரேன்" என்று அத்தனை பேர் முன்னால் அண்ணன் கை கூப்பினார். வெளியே வந்து என்னிடம், "ஏலே, பேட்டரிக்கு மஞ்சத் தண்ணி ஊத்துனியே, அது என்ன வயசுக்கா வந்துருச்சு? தாய்மாமன் சீர் எங்கடா?" என்றார். அவரும் லேசுப்பட்டவரல்ல. பழியை ஏற்றது அரை நிமிடம். அதைச் சொல்லி ஊர் ஊராகச் சிரித்தது ஆறு வருடம்.

இங்கே நான் செய்யாத தப்புக்கு, "ஐயாம் சாரி" என்றேன். ஹெரால்ட் என் தோளைத் தட்டி, "போகப் போகக் கற்றுக்கொள்வாய்" என்றார். அவரைவிட அப்போது என் நாக்குத்தான் எனக்குக் கேவலமாகத் தெரிந்தது.

புதிதாக வாங்கும்போதும் அவர் கை மலிவான கார் பேட்டரிக்கே போனது. "அது இஞ்சினை ஒரே உதையில் எழுப்புவதற்கு. மணிக்கணக்கில் விளக்கெரிக்கத் தடித்த தகடு வேண்டும்" என்றேன். காதில் விழவில்லை. முதலாளி அதையே சொன்னதும், "அப்படிச் சொல்லுங்கள்" என்று தலையாட்டினார்.

அந்தத் தடித்த தகட்டு பேட்டரியைப் பொருத்த ஹெரால்டின் கேரவனுக்குப் போனேன். பழக்கம் போகுமா, பூட்ஸை வாசல்படியில் கழற்றிவிட்டு உள்ளே ஏறினேன். கம்பிகளை முடுக்கியதும் விளக்கு எரிந்தது. ஹெரால்டின் மனைவி விளக்கைப் பார்க்கவில்லை. என் கால்களையே பார்த்தாள்.

"ஏன், உன் பூட்ஸ் அவ்வளவு அழுக்கா?"

விளக்க வாயெடுத்தேன். பிறகு, "நோ, மேடம்" என்பதோடு விட்டேன். அறைச் சாவி என் சட்டைப்பையிலேயே இருந்தது. கால் அவர்கள் கம்பளத்தில் இருந்தது. வெளியே படியில் பூட்ஸ் இரண்டும், மழை நிறைய நிறைய, யாருடையதோ போலக் கிடந்தன.