மொக்கையனின் சீமைக்கால்

மொக்கையனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவை மரப்பெட்டிகள்.

சாந்தன்பாறைக்கு மேலே கரடிப்பாறை எஸ்டேட்டில் கம்பிவடம் ஓடிய காலம் அது. போடிப் பக்கத்து அடிவாரத்தில் சரக்கை மாட்டிவிட்டால் காட்டுக்கு மேலே ஊஞ்சலாடிக்கொண்டே மலையேறி வரும். மேல்முனையில் நின்று கொக்கியைக் கழற்றி இறக்குவது மொக்கையன் வேலை. பன்னிரண்டு வருஷம் அதைச் செய்தான். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பிஸ்கட்டு டின், குதிரைச் சேணம், மேசை விளக்கு, பல்சக்கரம், ஒரு முழுப் பியானோ எல்லாம் அவன் கைவழியாக ஏறின. அவன் பெயரில் ஒரு ஊசிகூட வந்ததில்லை.

பெட்டியின் மேல் ஏதோ எழுதியிருக்கும். மற்றவர்கள் அதைப் பூச்சி ஊர்ந்த தடமாகப் பார்த்தார்கள். மொக்கையன் அப்படி விட்டுவிடவில்லை. ஏழு எழுத்து கொண்ட ஒரு வார்த்தை சில பெட்டிகளில் மட்டும் வந்தது. அவற்றைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே கண்ணாடி, பீங்கான். ஆக, அந்த ஏழெழுத்துக்கு அர்த்தம் உடையும் சாமான். மூன்றெழுத்து ஒன்று எப்போதும் மூடிப்பக்கம் இருந்தது. ஆக, அதை மேலே வைத்துத்தான் இறக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து, மூன்றே வருஷத்தில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று திறக்காமலே சொல்ல ஆரம்பித்தான். மந்திரம் கற்றிருக்கிறான் என்று லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், பேசிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்து பார்ப்பதற்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் அது.

நிறையப் பெட்டிகளில் சாய்சதுரத்துக்குள் ஒரு கப்பல் வரைந்திருக்கும். பெல்ஹாம் டாட் கம்பெனி. ஒருநாள் அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனான். அலியார் ராவுத்தர் பாலக்காட்டிலிருந்து வந்து கடை போட்டவர். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

"இதுல என்ன போட்டிருக்கான் ராவுத்தரே?"

அலியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "சீமையில கடை வாசல்ல இவனே போய்ச் சாமானை எடுப்பானாம். இவனே பெட்டி அடிப்பானாம். கப்பல் ஏத்துறது, கடல்ல போனா நஷ்டம் கொடுக்கிறது, தூத்துக்குடியில சுங்கம் கட்டுறது, ரயில், மாட்டுவண்டி, வடம் எல்லாம் இவன் பாடு. கடைசியில வாங்கினவன் வீட்டு வாசல்ல கொண்டாந்து வைப்பானாம். நீ செய்ய வேண்டியது கதவைத் திறக்கிறது ஒண்ணுதான்."

"யார் வீட்டு வாசல்ல வேணாலும் வைப்பானா?"

"பணம் கட்டினவன் வாசல்ல வைப்பான். சாதி கேட்டு ஒரு வரியும் இதுல காணோம்."

மொக்கையன் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். எதற்கென்று அவனுக்கே தெரியாது. அவன் சேரியில் பிறந்தவன். லயத்து ஆட்களுக்கு ஒரு கடுதாசி வந்தால்கூட அது முதலில் சந்தனம் கங்காணி வீட்டுக்குப் போய், அவர் மனசு வைத்தால் இவர்கள் கைக்கு வரும். வாசல் என்ற சொல்லே அவனுக்குப் புதிதாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில், மே மாதக் கடைசியில், துரைக்குச் சீமையிலிருந்து வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி வந்தது. வடத்தின் கொக்கி விட்டுப்போய்த் தொட்டி மொக்கையனின் இடதுகாலில் இறங்கியது. போடி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தொட்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை. எஸ்டேட் விசாரணைக் காகிதத்தில் அதைத் தனியாகக் குறித்திருந்தார்கள்.

வடமுனையில் இருக்கும் முனி காவு கேட்டது என்றார்கள் சிலர். போன பிறவியில் யாரையோ எட்டி உதைத்திருப்பான் என்றார் சந்தனம் கங்காணி. மொக்கையன் மட்டும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தான்: "கொக்கி துருப்பிடிச்சிருந்துச்சு. மூணு தடவை சொன்னேன்." துருவைப் பற்றிப் பேச யாருக்கும் விருப்பமில்லை. துருவுக்குப் பொறுப்பாளி இருக்கிறான். முனிக்கு இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. அடுத்த ஏப்ரல் முதல் தேதி, மற்றவர்களைப்போல் தன் காலால் நடந்து பெரட்டுக்கு வந்து நின்றால் பெயர் செக்ரோல் என்கிற ஆள்பதிவில் இருக்கும். இல்லையென்றால் பெயரை அடித்துவிட்டு, லயத்து வீட்டைக் காலி செய்து மலையிறங்க வேண்டும். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணி வேலைக்கு அனுப்பும் களம். இறங்கிப் போக அவனுக்கும் பெண்டாட்டி சாந்தம்மாளுக்கும் கீழே ஒரு ஓலைக்குடிசைகூடக் கிடையாது.

அப்போதுதான் சாந்தம்மாள் ஒரு கசங்கிய தாளைக் கொண்டுவந்தாள். பெட்டிகளில் சாமான் உடையாமலிருக்கத் திணித்து வரும் பழைய பேப்பர். அடுப்புப் பற்றவைக்க அள்ளிவந்ததில் ஒரு படம் இருந்தது. ஒருவன் சைக்கிள் ஓட்டுகிறான். அவன் கால் ஒன்று மரம்.

"இந்தாய்யா, இதென்னன்னு பாரு. சண்டையில கால் போனவுகளுக்குச் செய்வாக போல."

மொக்கையன் அந்தப் படத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கால் கீலை எப்படிப் பூட்டியிருப்பார்கள்? பாதம் வளையுமா? சேற்றில் நனைந்தால் மரம் ஊதிப்போகுமா? இப்படிக் கேள்வி கேட்கிறவனுக்கு அழுவதற்கு நேரம் இருக்காது. போன காலுக்கென்று எஸ்டேட் கொடுத்த தொகையும் சாந்தம்மாள் காதிலிருந்த தண்டட்டியும் சேர்ந்து பெல்ஹாம் டாட் கம்பெனிக்குப் போயின.

கம்பெனி, கால் செய்கிறவரிடமிருந்து அளவுத்தாள் ஒன்றை வரவழைத்து அனுப்பியது. அலியார் படிக்கப் படிக்க, சாந்தம்மாள் நூல் பிடித்து அளந்தாள். வலது பாதத்தைக் காகிதத்தில் வைத்துக் கரிக்கட்டையால் சுற்றி வரைந்தார்கள். கடைசி வரிக்கு முன் வரியில் அலியார் நின்றார்.

"பூட்ஸ் குதிகால் எத்தனை இஞ்சு உயரம்னு கேட்கிறான்."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

"அது துரைமாருக்குள்ள கேள்வி ராவுத்தரே. ஒரு கோட்டைப் போட்டுட்டு மேல போங்க" என்றான் மொக்கையன்.

அலியார் கோடு போட்டார்.

மாதங்கள் போயின. பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடியிலிருந்து கம்பெனி குமாஸ்தா ஏசுரத்தினம் எழுதியிருந்தார். சுங்கக்காரர்கள் பெட்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதை மரச்சாமான் என்று எழுதுவதா, தோல்சாமான் என்று எழுதுவதா, இயந்திரம் என்று எழுதுவதா?

"காலுன்னு எழுதச் சொல்லுங்க" என்றான் மொக்கையன். கடைசியில் என்னவென்று எழுதினார்களோ, மார்ச் இருபத்தொன்பதாம் தேதி பெட்டி வடத்தில் வந்தது. கூடவே ஏசுரத்தினமும் மலைப்பாதையில் ஏறி வந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்புப் பூட்ஸ், இரைக்க இரைக்க மூச்சு.

வழியிலேயே சந்தனம் கங்காணி மறித்தார். "லயத்து ஆள் சாமான்னா என் வீட்டு வாசல்ல இறக்குறது வழக்கம். நான் கொடுத்துக்கிருவேன்."

"வழக்கம் உம்ம வழக்கம், அண்ணாச்சி. பில்லுல 'மொக்கையன் வீட்டு வாசல்'னு போட்டிருக்கு. வேற வாசல்ல வச்சா என் சீட்டைக் கிழிச்சிருவான். வழியை விடும்."

கங்காணி வழியை விட்டார். மனசு வந்து அல்ல, காகிதத்தில் கப்பல் முத்திரை இருந்ததால்.

பெட்டி லயத்து வாசலில் இறங்கியபோது தோட்டமே கூடியிருந்தது. ஏசுரத்தினம் கையெழுத்துக்காக ரசீதை நீட்டினார்.

"பாத்துட்டுப் போடுறேன்" என்றான் மொக்கையன். "பன்னெண்டு வருஷமா இறக்குறவன். திறக்காமக் கையெழுத்துப் போட்டா அப்புறம் குறை சொல்ல முடியாது."

"நீருதான்வே உள்ளபடிக்குச் சரக்குக்காரன்" என்று சிரித்தார் ஏசுரத்தினம்.

வைக்கோலை விலக்கினால் உள்ளே கால். வெளிர்மரக் கெண்டைக்கால், தொடையைச் சுற்றிக் கட்டத் தோல் உறை, இரண்டு பக்கமும் எஃகுக் கீல். ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் கீலை ஆட்டிப் பார்த்தார்கள். மொக்கையன் விரலால் பாதத்தைத் தடவினான். விரல்கள் இல்லை. வழுவழுவென்று ஒரே மரம், குதிகால் மட்டும் ஏனோ சற்றுத் தூக்கி நின்றது.

கட்டிக்கொண்டு எழுந்தான். எழுந்த வேகத்தில் மல்லாக்க விழுந்தான். மறுபடி எழுந்தான், மறுபடி விழுந்தான். மூன்றாம் தடவை சாந்தம்மாள் தாங்கிப் பிடித்தாள்.

"சீமைக்காலு நம்ம மண்ணுல நிக்காதுடி" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மொக்கையன் தரையில் உட்கார்ந்தபடியே யோசித்தான். ஒவ்வொரு தடவையும் பின்பக்கமே விழுகிறான். பக்கவாட்டில் இல்லை, முன்னால் இல்லை. கண்மூடித்தனமாக விழுந்தால் நாலா பக்கமும் விழ வேண்டும். ஆக, இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மரப்பாதத்தைத் திண்ணென்று தரையில் வைத்துப் பார்த்தான். குதிகால் தரையைத் தொட வேண்டுமென்றால் கால் பின்னே சாய்கிறது.

பிறகு ஏசுரத்தினத்தின் கால்களைப் பார்த்தான்.

"ஐயா, உங்க பூட்ஸைக் கொஞ்சம் கழட்டித் தாங்க."

பூட்ஸை மரப்பாதத்தில் மாட்டினார்கள். தூக்கி நின்ற குதிகால் பூட்ஸின் குதியில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. கால் நேராக நின்றது. அலியார் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"அந்தக் கோடு! நாம கோடு போட்ட இடத்துல அவன் ஒரு இஞ்சுன்னு வச்சுக்கிட்டான். வெறுங்காலோட ஒருத்தன் நடப்பான்னு அவனுக்குத் தோணவே இல்ல."

பூட்ஸ் போடுகிறவனாக இருப்போம் என்று இவர்களுக்கும் தோன்றவில்லை. ஆறாயிரம் மைலுக்கு இரண்டு முனையிலும் ஒரே வரியில் நடந்த தப்பு.

பூட்ஸுக்குப் பதிலாகக் குதிகாலுக்கு அடியில் கட்டையை வைத்துக் கட்டிப் பார்த்தார்கள். அந்தக் கால் ஒரு இஞ்சு உயர்ந்து, ஈரப்பாறையில் வழுக்கியது. வலதுகாலிலும் பூட்ஸ் போட்டதும்தான் இரண்டும் சமமாயின. பெரிய பூட்ஸ், துணி திணித்தார்கள். மொக்கையன் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தான், திரும்பி வந்தான். சாந்தம்மாள் வெறுங்காதைத் தடவியபடி பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் கை தட்டவில்லை. எல்லோருக்கும் ஒரே நினைப்பு: பெரட்டுக்களத்தில் சேரியாள் காலில் தோல் ஏறக்கூடாது. கங்காணிகூடத் துரை வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்.

எந்தச் சட்டப் புத்தகத்தில் அது இருக்கிறது? எதிலும் இல்லை. இல்லாத சட்டத்தை மீறினவனைத்தான் இந்த நாட்டில் கூடுதலாக அடிப்பார்கள்.

"காலைத் திருப்பி அனுப்பினா குதியைச் சீவிக் கொடுப்பான். போய்வர ஆறு மாசம்" என்றார் ஏசுரத்தினம்.

"பேரு ஏப்ரல் ஒண்ணோட போயிரும்" என்றாள் சாந்தம்மாள்.

மொக்கையன் பூட்ஸ் நாடாவை எப்படி முடிபோடுவதென்று கேட்டுக் கற்றுக்கொண்டான். ஏசுரத்தினம் அலியார் கடையில் தங்கினார், வெறுங்காலோடு.

ஏப்ரல் முதல் தேதி மூடுபனி. முந்நூறு பேர் நிற்கும் களத்தில் டக் டக் என்று சத்தம் வந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. சந்தனம் கங்காணி கம்போடு ஓடிவந்தார்.

"டேய்! என்னடா இது? கழட்டுடா!"

"கழட்டுறேங்க. காலையும் சேத்துத்தான் கழட்டணும். அப்புறம் நீங்கதான் என்னை வரிசைக்குத் தூக்கிட்டுப் போகணும். தொட்டுக்கிருவீங்களா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். கங்காணியின் கம்பு உயர்ந்தது.

"மரத்துல அடிங்க" என்றான் மொக்கையன். "அதுல கீறல் விழுந்தா கம்பெனி கேக்கும். என் உடம்புல விழுந்தா கேக்க நாதியில்ல, அது எனக்கும் தெரியும்."

கம்பு அந்தரத்தில் நின்றபோது துரை வந்துவிட்டார். கங்காணி அவசரமாகத் தன் செருப்பை உதறினார். துரை பூட்ஸைப் பார்த்தார். கங்காணியின் வெறுங்காலைப் பார்த்தார்.

துரைக்கு நீதி உதித்தது என்று யாரும் எண்ண வேண்டாம். மொக்கையனுக்குக் கால் போன பத்து மாதத்தில் வடமுனையில் எழுத்துத் தெரிந்தவன் எவனும் இல்லை. கிராமபோன் தலைகீழாக இறங்கியது. இரண்டு பெட்டிப் புட்டிகள் வழியிலேயே உடைந்தன.

"நடந்து வந்தானா?" என்று கேட்டார்.

"நடந்துதான் வந்தேங்க" என்றான் மொக்கையன், கங்காணி வாய் திறக்குமுன்.

"பேர் போடு. வடத்துக்கு அனுப்பு."

வடமுனைக்குப் போகும் வழியில் அலியார் கடை. ஏசுரத்தினம் ரசீதோடு காத்திருந்தார். மொக்கையன் பெருவிரலை நீட்டவில்லை. பெட்டியில் கற்ற எழுத்தை ஒவ்வொன்றாக அடுக்கித் தன் பெயரை எழுதினான். பிறகு அதற்குக் கீழே இருந்த வரியைத் தொட்டுக் காட்டினான்.

"இந்த வரி என்ன கேக்குது?"

"சரக்குல குறை ஏதாச்சும் உண்டான்னு."

"எழுதுங்க. காலு வந்துச்சு, பூட்ஸ் வரல."

ஏசுரத்தினம் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "அதுக்குக் கம்பெனி பொறுப்பில்லவே. கோடு போட்டது நீரு."

"நாந்தான் போட்டேன். அதையும் சேத்து எழுதுங்க. அடுத்தாப்ல அந்தத் தாளு வேற எந்த லயத்துக்குப் போனாலும், படிச்சுச் சொல்றவுக அந்த வரியைத் தாண்டிப் போயிரக்கூடாது."

ஏசுரத்தினம் பேனாவை மையில் தோய்த்தார். அலியார் உள்ளே போய், தூத்துக்குடி வரைக்கும் தாங்குகிற மாதிரி அவருக்கு ஒரு ஜோடி செருப்பு தேட ஆரம்பித்தார்.