வலது பக்கம் இருந்த புளியங்கொட்டை

மன்னார்குடி கோர்ட்டு வாசலில் ஆங்கிலத்தில் மனு டைப் அடித்துத் தந்த அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான மனிதர், சட்டைப்பை நிறையப் புளியங்கொட்டை. நாம் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு கொட்டையாக, முதலில் நடந்ததை இடது பக்கமும் பிறகு நடந்ததை வலது பக்கமுமாக மேஜையில் அடுக்கிக்கொள்வார்.

"இங்கிலீஷ்ல ரெண்டுமே முடிஞ்சுபோனதுதான் தம்பி. எது முந்தி நடந்துச்சோ அதுக்கு 'ஹேட்'னு (had) ஒரு வார்த்தை போடணும். விட்டுட்டா மிராசுதார் வக்கீல் புரட்டிடுவாரு."

மிராசுதாரின் நிலத்தில் அப்பாவுக்கு இருந்த குத்தகையை அம்மா பெயருக்கு மாற்றக் கேட்டு மனு எழுதப் போயிருந்தேன். அப்பா உழுதது, குத்தகைப் பதிவுக்கு மனுக் கொடுத்தது, மூன்று வருடம் அலைந்தது எல்லாம் கொட்டைகளாக வரிசையாக அமர்ந்தன.

"பதிவு உத்தரவு?"

"போன வாரம் வந்துச்சுங்க."

ஒரு கொட்டை வைத்தார். "அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினாரா?"

"அதுக்கு நாலு நாள் முந்தியே தவறிப்போயிட்டாருங்க."

அடுத்த கொட்டையை விரலில் உருட்டியவர், அதை உத்தரவுக்கு வலது பக்கம் வைத்துப் பார்த்தார்.

"இப்படி நடந்திருக்கக் கூடாதா தம்பி?"

பிறகு அதை எடுத்து இடது பக்கம் வைத்துவிட்டு, டைப் அடிக்கத் தொடங்கினார்.

அந்தக் கொட்டை வலது பக்கம் இருந்த நேரம் மட்டும், அப்பா உத்தரவைக் கையில் வாங்கியிருந்தார்.