அக்கா மகளுக்கு நான் சொன்ன பதில்

உள்ளங்கை அளவு வெள்ளை அட்டைகள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். ஐந்நூறுக்குக் குறையாது. பழைய ஷூ டப்பா ஒன்றில் பாடவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். கையெழுத்து என் அக்கா மகளுடையது, தேர்வு என்னுடையது. தொண்ணூறாம் ஆண்டு மதுரையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து இறங்கியபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஊரில் எம்.டி. முடித்தவன். வார்டில் நான் நடந்தால் பின்னால் பத்துப் பேர் நோட்டுப் புத்தகத்தோடு நடப்பார்கள். இங்கே அதெல்லாம் செல்லாக்காசு. முதலில் உரிமத் தேர்வு எழுத வேண்டும். தேறினால் மருத்துவமனையில் கடைநிலை ஆளாக மூன்று வருடம் மறுபடியும் ரெசிடென்ஸி என்கிற பயிற்சி செய்ய வேண்டும். அந்த வயதில் உட்கார்ந்து உயிர்வேதியியலை மனப்பாடம் செய்வது எவ்வளவு அவமானம் என்பது செய்தவனுக்குத்தான் தெரியும்.

ஐசலின் என்ற ஊரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா மகள் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மாலையில் வகுப்பு முடிந்து வந்ததும் சமையலறை மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் கேட்பாள். நான் தடுமாறினால் விடமாட்டாள். “மாமா, யூ ஆர் கெஸ்ஸிங். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க” என்பாள். எதற்கும் எதிர்வாதம் செய்கிற பெண். இரண்டு வயதில் அவளை ஊருக்குக் கொண்டுவந்து குலதெய்வம் கோயிலில் என் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, “என் காதைக் குத்துறதுக்கு உங்க மடி எதுக்கு மாமா? சேர் இல்லையா?” என்று கேட்டவள். தாய்மாமன் மடி என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கிச் சொல்லி மாளவில்லை. அந்த ஆறு மாதத்தில் நான் படித்ததைவிட அவள் அதிகம் படித்தாள் என்றே நினைக்கிறேன். என் தேர்வு முடிந்த வாரம் அக்காவிடம் போய், தானும் மருத்துவம் படிக்கப்போவதாகச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தொண்ணூற்றொன்று ஜூலையில் ஒரு மருத்துவமனையில் முதல் வருட ரெசிடென்ட்டாகச் சேர்ந்தேன். எனக்கு மேலிருந்த சீனியர் என்னைவிட ஏழு வயது இளைய அமெரிக்கப் பெண். அவர் வெள்ளைக் கோட்டில் பெயருக்குப் பின்னால் எம்.டி. என்று இல்லை, டி.ஓ. என்று தைத்திருந்தது. அப்படியென்றால் என்ன என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் முழு உரிமம் பெற்ற மருத்துவர்கள் இரண்டு வகை. மற்றக் கல்லூரிகளில் படித்தவர்கள் எம்.டி., இங்கே அதுதான் முதல் மருத்துவப் பட்டம்; ஆஸ்டியோபதிக் கல்லூரியில் படித்தவர்கள் டி.ஓ. அதே நான்கு வருடப் படிப்பு, அதே மருந்து, அதே அறுவை சிகிச்சை. கூடுதலாக எலும்பையும் தசையையும் கையால் தொட்டு அறிந்து சரிசெய்யவும் கற்றுக்கொடுப்பார்கள். அந்தக் கல்லூரிகள் பலவும் சின்ன ஊர்களில் இருந்தன. நம்மவர்கள் அவற்றின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

ஒரு பிற்பகல், நெஞ்சு வலி என்று அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். வலி முதுகுவரை போகிறது என்றார். இ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. வயிற்றுக் கோளாறு என்று முடிவுகட்டி, குடிக்க ஒரு மருந்தை எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தேன். பின்னாலேயே சீனியர் வந்தார். நோயாளியின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். இடக்கை நாடி மெலிந்திருந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஆளை அறுவை சிகிச்சைக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். என்னிடம் சீனியர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: “டாக்டர், எப்போதும் இரண்டு கையிலும் பாருங்கள்.” குரலை உயர்த்தவில்லை. ஆனால் இரண்டு நர்ஸ்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மதுரையில் இதே பாடத்தை மாணவர்களுக்கு நடத்தியவன் நான். முகம் எரிந்தது.

மறுநாள் காலை எல்லா டாக்டர்களும் கூடும் கூட்டத்தில், சீனியர் வாயைத் திறப்பதற்கு முன் நானே எழுந்து, இந்த நோயாளியிடம் நான் தவறு செய்துவிட்டேன் என்று சொன்னேன். நேர்மை ஒன்றும் இல்லை. எப்படியும் அவர் சொல்லத்தான் போகிறார், அவர் சொல்லி நான் தலைகுனிவதைவிட நானே முந்திக்கொண்டால் கௌரவமாக இருக்கும் என்று பயந்து போட்ட கணக்குதான். அவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அன்றிலிருந்து என்னிடம் முன்பைவிட மரியாதையாக நடந்துகொண்டார். நான் அதையும் கேலி என்றே எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடம் அவர் பயிற்சி முடித்து அங்கேயே நிரந்தர மருத்துவராகச் சேர்ந்தபோது, வேறு எங்காவது தொலைந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அவர் வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது கோட்டில் தைத்திருந்த அந்த இரண்டு எழுத்துத்தான். மனதுக்குள் அதையே பிடித்துக்கொண்டேன்.

தொண்ணூற்று மூன்று வசந்தத்தில் அக்கா மகளுக்குக் கடிதம் வந்தது. இங்கே ஒரு பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியும். அவள் பட்டம் முடித்து ஒரு வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபடி விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் எங்கள் மருத்துவமனைக்கு வந்து தொண்டு வேலையும் செய்தாள். எம்.டி. கல்லூரிகள் எல்லாம் கைவிரித்துவிட்டன. இடம் கொடுத்தது ஒன்றே ஒன்று. எங்கோ ஒரு சின்ன ஊரில் இருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி. இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மட்டன் குழம்பு வைத்து என்னைக் கூப்பிட்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அத்தான் கடிதத்தை என் முன்னால் வைத்தார். மதுரையில் இருக்கும் எலும்பு டாக்டரான தன் சித்தப்பா மகனிடம் ஏற்கெனவே போன் போட்டு விசாரித்திருந்தார்.

“எலும்பு வைத்தியமா, அதுக்கு அமெரிக்கா எதுக்குடா, இங்கயே கட்டுப் போட ஆள் இருக்கானேன்னு சிரிக்கிறான் மாப்ள. நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பார்க்க பயோடேட்டா அனுப்புறேன்னு வை. அதுல டி.ஓ.ன்னு போட்டா ஊர்ல எவன் இதை டாக்டர்னு ஒத்துக்குவான்?”

“அவன் கிடக்கான்” என்றாள் அக்கா. “தம்பி, நீ சொல்லு. நீ தாய்மாமன். ஹாஸ்பிட்டல்ல இருக்கிறவனும் நீதான். நீ என்ன சொல்றியோ அதான்.”

அக்கா மகள் தட்டை நகர்த்திவிட்டு என்னையே பார்த்தாள். “மாமா, நீங்க டி.ஓ. டாக்டர்ஸோட வொர்க் பண்றீங்க. அவங்க நல்ல டாக்டர்ஸா? எனக்கு அது மட்டும் சொல்லுங்க. நான் போறேனா வேண்டாமான்னு டிசைட் பண்ணிக்கிறேன்.”

கேட்டது ஒரு கேள்வி. அதற்குப் பதில் ஒரே சொல். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அவ்வளவு சுலபமான கேள்வியை அந்த அட்டைகளில்கூட அவள் எழுதவில்லை. என் கண்முன் வந்து நின்றது நாடி பிடித்த கை அல்ல, அந்த இரண்டு நர்ஸ்களின் முகம். நான் பட்ட கோபத்துக்கு அன்றைக்குத்தான் வாய் கிடைத்தது.

“இருப்பாங்க, ஒருத்தர் ரெண்டு பேர் நல்லா இருப்பாங்க” என்றேன். “ஆனா காலம்பூரா நீ நிஜ டாக்டர்தானான்னு எவனாவது கேட்டுக்கிட்டே இருப்பான். உனக்கு அந்தத் தலையெழுத்து வேண்டாம்மா. எம்.டி.ன்னா எம்.டி.தான். ஒரு வருஷம் வெயிட் பண்ணு.”

அவள் பதிலுக்கு வாதாடுவாள் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் கடிதத்தை எடுத்து மடித்தாள். “ஓகே மாமா” என்றாள். அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. அக்கா எனக்குப் பாயசம் ஊற்றினாள், நானும் குடித்தேன்.

ஒரு வருடம் காத்திருந்தும் எம்.டி. இடம் கிடைக்கவில்லை. கிடைத்தது அமெரிக்காவுக்கு வெளியே தீவு ஒன்றில் தொடங்கியிருந்த ஒரு மருத்துவக் கல்லூரி. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் பட்டம் எம்.டி. அத்தானுக்கு அது போதுமானதாக இருந்தது. மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால் எனக்கும் போதுமானதாக இருந்தது. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பயிற்சிக்கு இடம் வாங்க என்ன பாடுபட வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நானே பட்டவன். இந்த ஊரிலேயே பிறந்த பெண்ணை, நான் நின்ற அதே வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைக்காதது போல இருந்துவிட்டேன் என்பதுதான் சரி.

ஞாயிறுதோறும் தீவிலிருந்து போன் வரும். முதல் வருடம் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். மழை பெய்தால் வகுப்பில் ஒழுகுகிறது என்பாள், உடற்கூறு பாடத்துக்கு ஒரே பிணத்தைச் சுற்றி முப்பது பேர் நிற்கிறோம் என்பாள். கரண்ட் இல்லாமல் படித்தாள். வகுப்பெடுக்க வேண்டியவர் பாதியில் வேலையை விட்டுப் போய்விட, அந்தப் பாடத்தைத் தானாகவே படித்துக்கொண்டாள். இரண்டாம் வருடம் அவள் பேச்சு சுருங்கியது. உரிமத் தேர்வின் முதல் பகுதியில் இரண்டு முறை தோற்றாள். இந்தத் தேர்வுக்காக என்னைத் தயார்செய்தவள் அவள். மூன்றாம் முறை தேறினாள். ஆனால் தோற்றது தேர்வுப் பதிவில் நிற்கும், அழியாது.

ரெசிடென்ஸிக்கு யாருக்கு எங்கே இடம் என்பதை ஆண்டுதோறும் மார்ச்சில் நாடு முழுவதற்கும் ஒரே சமயத்தில் சொல்வார்கள். தொண்ணூற்றொன்பதில் அவளுக்கு எங்கும் இடம் இல்லை. நான் எங்கள் மருத்துவமனையில் கெஞ்சினேன். வேறு மூன்று இடங்களில் தெரிந்தவர்களிடம் போய் நின்றேன். எல்லோரும் அவள் தாள்களைப் புரட்டிவிட்டுக் கல்லூரியின் பெயரில் வந்து நின்றுவிட்டார்கள். அடுத்த மார்ச்சிலும் இல்லை. அன்று அக்கா வீட்டுக்குப் போனபோது அக்கா மகள் கராஜில் நின்று காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நன்றாகக் குளிர் இருந்தது, கையுறைகூட இல்லை. “மாமா, இனிமே அப்ளை பண்ணல” என்றாள். கையெல்லாம் சிவந்திருந்தது. பக்கத்தில் போய்த் தோளைத் தொடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் எதையும் கேட்பதில்லை. சோறு போடுவாள், நலம் விசாரிப்பாள். ஆனால் ரத்த அழுத்தத்துக்கு எந்த மாத்திரை என்பதைக்கூட வேறு டாக்டரிடம்தான் கேட்டுக்கொண்டாள். இன்று எங்கள் மருத்துவமனையில் டி.ஓ. படித்தவர்கள் ஏராளம். நம் பிள்ளைகளும் அந்தக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள், அவர்கள் பெற்றோர் கோயிலில் இனிப்புக் கொடுக்கிறார்கள். எவனும் யாரையும் நீ நிஜ டாக்டரா என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டவன் என் அனுபவத்தில் ஒருவன்தான், அது நான்.

அக்கா மகள் கலிபோர்னியாவுக்குப் போய் சான் ரமோனில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டர்கள் அனுப்பும் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, இந்தச் சிகிச்சை தேவைதானா என்று எழுதும் வேலை. இரண்டாயிரத்து ஒன்று வசந்தத்தில் நான் ஒரு மாநாட்டுக்காக அந்தப் பக்கம் போனவன், ஒரு மதியம் அவளைப் பார்க்கப் போனேன். அலுவலகங்களுக்கு நடுவே வெட்டியிருந்த செயற்கைக் குளத்தோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கிவந்த சாண்ட்விச்சைப் பாதிப் பாதியாகச் சாப்பிட்டோம். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நரை தெரிந்தது, முப்பது வயதுதான்.

எட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். “அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. நீ கேட்டதுக்கு நான் பதிலே சொல்லல.”

“இட்ஸ் ஓகே மாமா. உங்களுக்குத் தோணினதைச் சொன்னீங்க” என்றாள். பிறகு, அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஒரு டி.ஓ. டாக்டரின் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது, அதை எழுதிக்கொடுத்தது உங்கள் சீனியர்தான் என்றாள். எனக்கு அது அன்றுவரை தெரியாது. சனிக்கிழமைகளில் அவரோடு வார்டில் நடந்திருக்கிறாள்.

“இடம் கிடைச்சதும் அவங்ககிட்டதான் முதல்ல ஓடிப்போய்க் கேட்டேன், போகலாமான்னு. அவங்க, நான் சொன்னா என் கட்சிக்குப் பேசுற மாதிரி இருக்கும், உங்க மாமாகிட்ட கேளுன்னாங்க. ஒரு பேஷன்ட் விஷயத்துல யாரும் கேக்காமலே எல்லார் முன்னாலயும் எழுந்து தன் தப்பைச் சொன்னவராம் நீங்க. இந்த ஹாஸ்பிட்டல்ல அப்படி ஒருத்தரை அவங்க பார்த்ததில்லையாம். அவர் வேண்டாம்னு சொன்னா அது உண்மையா இருக்கும், போகாதேன்னாங்க.” சாண்ட்விச் சுற்றிய தாளைக் கசக்கி உருண்டையாக்கினாள். “அதான் நான் உங்ககிட்ட ஆர்க்யூ பண்ணல.”

இடைவேளை முடிந்துவிட்டது. எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள், கழுத்து அட்டையைச் சரிசெய்தாள், கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அந்தக் காலைக் கூட்டத்தில் நான் ஏன் எழுந்து நின்றேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.