தட்டை யாருக்கு?

“மேடம், மாமா அருவாளோட கொல்லைல எறங்கிட்டாரு. சீக்கிரம் வாங்க.”

பண்ருட்டிப் பக்கம் வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்தபோது வந்த போன் இது. பேசியவர் அஞ்சலை. மக்காச்சோளக் கொல்லையில் ஊடுபயிராகக் கொடி அவரை போட நான் சம்மதிக்க வைத்த முதல் விவசாயி. அவரைப் பந்தலுக்குக் கல்லும் கம்பியும் வாங்க அவருக்கு வசதியில்லை. சோளத் தண்டே பந்தல் என்றேன். சோளம் முழங்கால் உயரம் வந்த பிறகே அவரை விதைத்தோம். முந்திக்கொண்டால் கொடி சோளத்தை அமுக்கிவிடும்.

சோளத்தைப் பச்சைக் கதிராகவே ஒடித்து நல்ல விலைக்கு விற்றாயிற்று. கதிர் போய் நின்ற தண்டில், அதாவது தட்டையில், ஏறிய அவரை அப்போதுதான் பூத்திருந்தது. ஆனால் கதிர் ஒடித்ததும் தட்டை அஞ்சலையின் தாய்மாமன் ராசவேலுவுக்கு என்பது அந்த வீட்டு வழக்கம். அவர் எரு கொடுப்பார். பதிலுக்கு அவர் மாடுகளுக்குத் தட்டை.

ஸ்கூட்டியை ரோட்டோரம் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு வரிசை பூவோடு தரையில் கிடந்தது. அடுத்த வரிசையை மறித்து அஞ்சலை நின்றார்.

“எருவு நான் குடுத்தது. தட்ட எனக்குத்தான? மாடு என்னாத்தத் திங்கும்?” என்றார் மாமா.

நான் பாடம் நடத்த வாயெடுப்பதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டார். “கீழ இருக்கற தோகைய உருவிக்குங்க மாமா. தண்டு மட்டும் நிக்கட்டும். அவரக்கா பறிச்சு முடிஞ்சதும் கொடியோட சேத்து அறுத்துக்குங்க.”

மாமா என்னைப் பார்த்தார். “கொடியத் தின்னா மாட்டுக்கு ஒண்ணும் ஆவாதே?”

“தட்டையவிட சத்து ஜாஸ்திங்க.”

அருவாளை இடுப்பில் செருகிக்கொண்டு தோகையை உருவ ஆரம்பித்தார்.

முதல் பறிப்பன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கொத்துக் கொத்தாகக் காய். கொண்டுவந்த கூடை நிறைந்து, அஞ்சலை புடவை முந்தானையிலும் பறித்துப் போட்டார். பந்தல் செலவே இல்லாத அவரை, ஒரே கொல்லையில் இரண்டாவது வருமானம். நான் சந்தைவரை கூடவே போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

அதன்பிறகு ஊடுபயிர் பற்றிப் பேசப் போனால் விதை, இடைவெளியெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி, “உங்க கொல்லைத் தட்டை யாருக்குங்க?” ஒரு பயிருக்குப் பட்டாவில் இல்லாத பங்காளிகளும் உண்டு.

அடுத்த விதைப்புக்கு மாமா வழக்கத்தைவிட ஒரு வண்டி எரு கூடுதலாகக் கொட்டிவிட்டு வரப்பில் வந்து நின்றார்.

“அவரய நெருக்கிப் போடும்மா. மாடு கொடியத்தான் தேடுது.”

நெருக்கினால் சோளம் சாய்ந்துவிடும் என்று மாமாவைத் தடுப்பதற்குள் எனக்கும் அஞ்சலைக்கும் போதும் போதுமென்றாகிவிட்டது.